கந்தகப் புகையும் 350 மில்லிகிராமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கலப்படத் தடைச் சட்டங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு வரி எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. "அமெரிக்காவில் 1906-ல் சட்டம் வந்தது, கடைத்தெரு சுத்தமானது" என்று எழுதியிருந்தீர்கள். ஹார்வி வைலி என்ற அரசாங்க வேதியியலாளர் இளைஞர்களை உட்காரவைத்து, ரசாயனம் சேர்த்த சாப்பாடு போட்டு, எதெது உடம்புக்கு ஆகாது என்று காட்டியதையும் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பட்டியலில் கந்தகமும் இருந்தது.

நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் சான் ஹோசேயில் இருக்கிறாள். போன மாதம் வந்தபோது உலர்ந்த ஆப்ரிகாட் இரண்டு பொட்டலம் வாங்கிவந்தாள். ஒன்று கனகாம்பர நிறத்தில் பளபளவென்று இருந்தது. இன்னொன்று 'ஆர்கானிக்'. பழம்புளி மாதிரி கறுத்துக் கிடந்தது. ஆரஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்ததும் தீக்குச்சி உரசிய வாடை. பின்பக்கம் பார்த்தால் 'சல்பர் டை ஆக்சைடு சேர்க்கப்பட்டது' என்று அச்சடித்திருக்கிறான்.

என் சந்தேகம் மூன்று. நூறு வருஷத்துக்கு முன்பே கெடுதல் என்று காட்டிய சாமான் இன்றைக்கும் எப்படிப் பொட்டலத்துக்குள் இருக்கிறது, யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள்? கறுப்புதான் அசல், ஆரஞ்சு போலி என்று எடுத்துக்கொள்ளலாமா? வீட்டில் பேரனுக்கு வீசிங் உண்டு. ஆரஞ்சுப் பொட்டலத்தைத் தூக்கிப் போடச் சொல்கிறாள் என் மனைவி. போட்டுவிடவா?

அன்புடன்,
ம., கரூர்

அன்புள்ள ம. அவர்களுக்கு,

வணக்கம். அந்த வரி தப்பு. கை ஓடிய வேகத்தில் எழுதியது, கட்டுரையில் திருத்திவிட்டேன். ஆனால் திருத்தியதோடு விட மனசில்லை. நீங்கள் கையில் வைத்திருக்கும் சாமானில்தான் அந்தச் சட்டம் ஆரம்பத்திலேயே முட்டிக்கொண்டது. அதுவும் உங்கள் மகள் குடியிருக்கும் ஊரைச் சுற்றியே.

சான் ஹோசே இருப்பது சாந்தா கிளாரா பள்ளத்தாக்கில். இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிற்கும் இடமெல்லாம் அன்று தோப்பு. ஆப்ரிகாட் ஒரு பக்கம், ப்ரூன் என்கிற உலர்பிளம் ஒரு பக்கம். தெற்கே ஃப்ரெஸ்னோ பக்கம் போனால் திராட்சையும் பீச்சும். பழம் பழுப்பது சில வாரங்கள்தான், வாங்கித் தின்பவர்களோ கண்டத்தின் மறுகோடியில், நியூயார்க்கிலும் பாஸ்டனிலும். காயவைத்தால்தான் காசு.

ப்ரூனுக்குப் பிரச்சினை இல்லை. சோடாக்காரம் கலந்த கொதிநீரில் ஒரு முக்கு முக்கி வெயிலில் போட்டால் கறுப்பாகக் காயும், கறுப்பாக இருந்தால்தான் வாங்குவார்கள். சாதாரண உலர்திராட்சையும் அப்படியே, கொடிக்கு நடுவில் தட்டில் பரப்பினால் தானாகப் பழுப்பேறிக் காய்ந்துவிடும். மாட்டிக்கொண்டது ஆப்ரிகாட்டும் பீச்சும். இவற்றை இரண்டாகப் பிளந்து கொட்டையை எடுத்துவிட்டுத்தான் காயவைக்க முடியும். பிளந்த பழம் கறுக்கும். வாழைப்பூவை ஆய்ந்தவுடன் மோரில் போடுகிறோமே, எதற்கு? அதே சங்கதிதான். சதைக்குள் இருக்கும் ஒரு நொதி காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கிவிடுகிறது. கந்தகப் புகை அந்த நொதியின் கையைக் கட்டிப்போடும். பூச்சியையும் பூஞ்சணத்தையும் கூடவே விரட்டும்.

இதற்கென்றே தோப்புக்குத் தோப்பு ஒரு கந்தக அறை வைத்திருந்தார்கள். கொட்டகை நிழலில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து பழத்தைப் பிளந்து, வெட்டிய பக்கம் வானத்தைப் பார்க்க மரத்தட்டில் வரிசையாக அடுக்குவார்கள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சின்னத் தள்ளுவண்டியில் ஏற்றி, தண்டவாளத்தில் உருட்டி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். கீழே குழியிலோ சட்டியிலோ கந்தகத்தைப் பற்றவைத்தால் சில மணி நேரம் புகை உள்ளேயே சுற்றும். கதவைத் திறக்கும்போது ஒவ்வொரு பாதிப் பழமும் சின்ன அகல் மாதிரி சாறு கட்டி நிற்கும். புகை சரியாக ஏறியதற்கு அதுதான் அடையாளம். அந்தச் சாறு சிந்தாமல் தட்டைத் தூக்கி வெயில் களத்துக்குக் கொண்டுபோவதே ஒரு வித்தை. சாறு போனால் எடையும் போச்சு, ருசியும் போச்சு. ஒரு கிலோ உலர்பழத்துக்கு ஐந்தாறு கிலோ பச்சைப்பழம் ஆகும் வியாபாரம் அது.

இனி வைலிக்கு வருவோம். 1883 முதல் விவசாயத் துறையின் தலைமை வேதியியலாளர். ஆஜானுபாகு, பேச்சாளர், பிடிவாதக்காரர். 1902-ல் வாஷிங்டனில் தன் அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சாப்பாட்டு மேஜை போட்டார். துறையில் வேலை பார்த்த இளைஞர்கள் 12 பேர் தன்னார்வமாக வந்தார்கள். மூன்று வேளையும் அங்கேதான் சாப்பாடு, வெளியே ஒரு பிஸ்கட்கூடத் தொடக்கூடாது. பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் 'விஷப் படை'. முதலில் சோதித்தது வெண்காரம். அதை வெண்ணெயில் ஒளித்துவைத்தார்கள். கொஞ்ச நாளில் பையன்களுக்கு மோப்பம் பிடித்துவிட்டது, யாரும் வெண்ணெயைத் தொடவில்லை. பாலுக்கு மாற்றினால் பாலை ஒதுக்கினார்கள். கடைசியில் ஒளிவுமறைவை விட்டுவிட்டு மாத்திரைக் கூட்டில் அடைத்துக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. என்ன சாப்பிடுகிறோம் என்று சாப்பிடுகிறவனுக்குத் தெரிந்த சோதனை அது. பக்கத்தில் ரசாயனம் சாப்பிடாத இன்னொரு குழுவும் இல்லை. முன்னால் சில நாள், ரசாயனத்தோடு சில நாள், பின்னால் சில நாள் என்று அதே ஆட்களைத்தான் ஒப்பிட்டார்கள். தலைவலி, பசியின்மை, எடை குறைவு எல்லாம் குறிக்கப்பட்டன. கந்தக அமிலம் இல்லை, அதன் தம்பியான, கந்தகப் புகை தண்ணீரில் கரைந்தால் வரும் கந்தசாமிலமும் அதன் உப்புகளும் பற்றிய அறிக்கை 1907-ல் வந்தது. உணவில் இதற்கு இடமே இல்லை என்பது வைலியின் முடிவு.

"நிரூபித்தார்" என்று நானும் எழுதினேன், நீங்களும் அதையே எடுத்துக்கொண்டீர்கள். இன்றைய கணக்கில் அது நிரூபணம் ஆகாது. வலுவான சந்தேகம் என்று சொல்லலாம்.

சட்டத்தில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டது 1906 ஜூன் 30. அமலுக்கு வந்தது 1907 ஜனவரி 1. சட்டம் படிக்கச் சின்னது, நல்ல சட்டம். உடம்புக்குக் கெடுதல் செய்யக்கூடிய எதையும் சேர்த்திருந்தால் கலப்படம். சரக்கின் தரக்குறைவை மறைக்கும்படி நிறமேற்றினாலோ பூசினாலோ கலப்படம். அழுகியது, அசுத்தமானது கலப்படம். லேபிளில் பொய் சொன்னால் அது தனிக் குற்றம். ஆனால் எந்தப் பொருளில் எது எத்தனை மில்லிகிராம் இருக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. அதைத் துறைதான் உத்தரவு போட்டுச் சொல்ல வேண்டும்.

1907 ஜூலையில் அந்த உத்தரவு வந்தது, 76-ஆம் எண் முடிவு. கந்தகம் போட்டிருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும், வைனில் லிட்டருக்கு 350 மில்லிகிராம், மற்ற உணவில் கிலோவுக்கு 350 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, அதிலும் எதனோடும் சேராமல் தனியாக நிற்பது 70-க்கு மேல் கூடாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். '70 தனியாக' என்பது வைன்காரர்களின் பாஷை. பீப்பாய்க்குக் கந்தகம் போடுகிறவர்கள்தான் சேர்ந்தது, தனித்தது என்று பிரித்துப் பேசுவார்கள். வைனுக்கு யோசித்த அளவை, லிட்டரை கிலோவாக்கி, பழத்தின் தலையில் வைத்துவிட்டார்கள் என்பது என் வாசிப்பு. ஆரஞ்சு நிறத்தில் நிற்கும் ஆப்ரிகாட்டில் கந்தகம் 350-ஐப் பல மடங்கு தாண்டும். இன்று சர்வதேச அளவே கிலோவுக்கு 2000 என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 350-க்குள் நிறுத்தினால் நிறம் நிற்காது. ஆகவே அந்த எண் கட்டுப்பாடு என்ற பெயரில் வந்த தடை.

அப்புறம் தேதியைப் பாருங்கள். ஜூலை. கலிஃபோர்னியாவில் ஆப்ரிகாட் அறுவடை ஜூனிலும் ஜூலையிலும். உத்தரவு போய்ச் சேரும்போது பழம் தட்டில் இருக்கிறது, கந்தகம் எரிந்துகொண்டிருக்கிறது.

அளந்து பார்ப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பிடித்த விஷயம். பழத்தைப் பொடியாக நறுக்கிக் குடுவையில் போட்டு, தண்ணீரும் பாஸ்பாரிக் அமிலமும் ஊற்றிக் காய்ச்சி வடிப்பார்கள். ஆவியோடு சேர்ந்து கந்தக வாயு வெளியேறும். அதை அயோடின் கரைசலுக்குள் விடுவார்கள். காயத்துக்குப் போடும் டிங்சர் அயோடின் நிறம் நினைவிருக்கிறதா? அந்தச் செம்பழுப்பு வாயு ஏற ஏற வெளுத்துக்கொண்டே வரும். எவ்வளவு வெளுத்தது என்பதை வைத்துக் கணக்கு. இந்தக் குடுவைகளோடு நியூயார்க், பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ போன்ற துறைமுக ஊர்களில் சோதனைக்கூடங்கள் திறந்தார்கள், 1907-ல் முதல் தொகுதி ஆய்வாளர்களையும் வேலைக்கு எடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவராக வந்த வால்ட்டர் கேம்ப்பெல் கென்டக்கிக்காரர், பின்னாளில் எஃப்.டி.ஏ என்கிற உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கே தலைவரானவர். மாநில எல்லையைத் தாண்டும் சரக்கும் இறக்குமதிச் சரக்கும்தான் அவர்களுடைய அதிகாரத்துக்குள் வரும். கலிஃபோர்னியாவில் விளைந்து அங்கேயே விற்றால் மத்திய ஆய்வாளர் வெறுமனே பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஆனால் உலர்பழ வியாபாரமே எல்லை தாண்டும் வியாபாரம், அதனால் இவர்கள் வசமாகச் சிக்கினார்கள்.

அந்தக் கோடையிலேயே விவசாயத் துறைச் செயலர் ஜேம்ஸ் வில்சன் கலிஃபோர்னியாவுக்குப் போனார். நம் ஊர்க் கணக்கில் மத்திய அமைச்சர். ஸ்காட்லாந்தில் பிறந்து அயோவாவில் விவசாயம் பார்த்த மனிதர், 1897 முதல் 1913 வரை அதே நாற்காலியில் உட்கார்ந்தவர். வைலிக்கு மேலதிகாரி. அவரைச் சுற்றி நின்றவர்கள் முதலாளிகள் மட்டும் இல்லை. பத்து ஏக்கர், இருபது ஏக்கர் வைத்திருந்தவர்களும்தான். பழத்தை வாங்கி அடைத்து அனுப்புகிற கம்பெனி "கந்தகம் போட்டதை வாங்கமாட்டேன்" என்கிறது. போடாததைக் கிழக்கே யாரும் வாங்கமாட்டார்கள். அமைச்சர் தானே விவசாயி. அவர் அங்கேயே சொல்லிவிட்டார்: வழக்கம்போல் காயவையுங்கள், விஷயம் தீரும்வரை சரக்கைப் பறிமுதல் செய்யமாட்டோம்.

சில வருஷம் முன்பு ஒரு வெல்ல ஆலைக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன். கொப்பரையில் பாகு சுண்டும்போது ஆலைக்காரர் ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைத் தூளைக் கரண்டியால் அள்ளிப் போட்டார். ஹைட்ரோஸ். அதுவும் கந்தகத்தின் வம்சம்தான். கறுத்த பாகு நம் கண்ணெதிரே மஞ்சளாகத் தெளிந்தது. எதற்கு இது என்று கேட்டேன். "கறுப்பு வெல்லத்தை மண்டியில தொட்டுப் பாக்கமாட்டான் சார். நீங்களும் கடையில மஞ்சளாத்தானே கேப்பீங்க?" என்றார். அவர் போட்டது தப்பு, அளவு பார்க்காமல் போட்டது பெரிய தப்பு. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் என் வீட்டு டப்பாவில் அப்போது இருந்தது மஞ்சள் வெல்லம். வில்சனைச் சூழ்ந்து நின்றவர்களை நினைக்கும்போதெல்லாம் அந்த ஆலைக்காரர் முகம் வருகிறது.

சரி, அடுத்து நடந்ததுதான் உங்கள் முதல் கேள்விக்கான பதில்.

1908 ஜனவரியில் வெள்ளை மாளிகையில் ஒரு கூட்டம். கெட்சப் தயாரிப்பாளர்கள், சரக்கு கெடாமல் இருக்கப் போடும் பென்சோயேட் உப்புக்காக வந்திருந்தார்கள். பேச்சு எப்படியோ சாக்கரினுக்குப் போனது. டப்பாச் சோளத்தில் சர்க்கரைக்குப் பதில் சாக்கரின் போடுவதால் பணம் மிச்சமாகிறது என்று ஒருவர் சொல்ல, வைலி இடையில் புகுந்து அது மக்களை ஏமாற்றுவது, உடம்புக்கும் கெடுதல் என்றார். ரூஸ்வெல்ட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய டாக்டரே அவருக்குத் தினம் சாக்கரின் கொடுத்துவந்தார். சாக்கரின் கெடுதல் என்று சொல்கிறவன் முட்டாள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஜனாதிபதியின் காபியில் கைவைக்கக்கூடாது என்பது வைலிக்கு அன்று தெரிந்திருக்கும்.

அடுத்த சில வாரங்களில் நடுவர் குழு ஒன்று அமைந்தது. தலைவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் ஐரா ரெம்சன். 1879-ல் இவருடைய ஆய்வகத்தில்தான் சாக்கரின் கண்டுபிடிக்கப்பட்டது! யேல் பல்கலைக்கழகத்தின் சிட்டெண்டன் போன்ற பெரிய தலைகளும் இருந்தார்கள். கந்தகப் பழத்தைச் சோதிக்கும் பொறுப்பு கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் அலோன்ஸோ டெய்லருக்குப் போனது. அதே 1908-ல் 89-ஆம் எண் முடிவு வந்தது. குழு சொல்லும்வரை, வழக்கமான அளவு கந்தகம் போட்ட பழத்துக்கு ஆட்சேபம் இல்லை, லேபிளில் மட்டும் தெளிவாகப் போட்டுவிடுங்கள் என்று. 350 போச்சு. லேபிள் நின்றது.

உங்கள் பொட்டலத்தின் பின்பக்கம் இருக்கும் வரியின் பூர்வீகம் இதுதான்.

பென்சோயேட் பற்றிக் குழு 1909-ல் சொல்லிவிட்டது, சிறிய அளவில் பாதகமில்லை என்று. உலர்பழத்தில் கந்தகத்துக்குத் தடை என்று ஒன்று கடைசிவரை வரவே இல்லை. 'முடிவு வரும்வரை' என்று தொடங்கியது அப்படியே பழகி நடைமுறையாகிவிட்டது. வைலி 1912 மார்ச்சில் வேலையை விட்டார். 1929-ல் தன் சொந்தச் செலவில் ஒரு தடித்த புத்தகம் போட்டு, சட்டத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று வில்சன் பேரையும் நடுவர் குழு பேரையும் சொல்லி அழுதார். அடுத்த வருஷம் இறந்தார். தேதி ஜூன் 30, சட்டம் கையெழுத்தான அதே தேதி.

இதை லஞ்சக் கதையாகப் படித்தால் முக்கியமான பகுதி கைநழுவிப்போகும். இதில் எதுவும் மேஜைக்கு அடியில் நடக்கவில்லை. மனு கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள், அமைச்சர் மேடையில் பேசினார், உத்தரவு அச்சாகி வந்தது. எனக்கு வருத்தம் கந்தகத்தை அனுமதித்ததில் இல்லை. எண்ணை முதலில் எழுதிவிட்டு விசாரணையைப் பிறகு வைத்தார்கள், அந்த விசாரணை முடியும் முன்பே சலுகையைக் கொடுத்தார்கள். வைலி பக்கமும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எவ்வளவு கந்தகத்தில் நிறம் நிற்கும், ஊறவைத்து வேகவைத்தால் எவ்வளவு போகும், பழத்தை வாரத்துக்கு எத்தனை தின்பார்கள் என்று கந்தக அறையின் வாசலில் நின்று கேட்டிருக்க வேண்டியது அவருடைய வேலை. அன்று உலர் ஆப்ரிகாட்டை யாரும் நம்மைப்போல் பொட்டலத்திலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொள்ளவில்லை. ஊறவைத்து, சர்க்கரை போட்டு வேகவைத்துத்தான் சாப்பிட்டார்கள், வேகும்போது வாயுவில் நல்ல பங்கு ஆவியோடு போய்விடும். இப்படி அளந்து 800 என்றோ 1000 என்றோ ஓர் எண்ணோடு வந்திருந்தால் வில்சனால் அவ்வளவு சுலபமாகத் தள்ளியிருக்க முடியாது. வைலிக்கு எல்லாம் வேண்டும், அல்லது ஒன்றும் வேண்டாம்.

அதற்காக அவர் சொன்னதெல்லாம் வீண் என்று ஆகாது. கந்தகம் போட்டால் பழத்தை முழுசாகக் காயவைக்காமலே ஈரத்தோடு விற்கலாம், வாங்குகிறவன் பழத்தின் விலையில் தண்ணீரை வாங்குகிறான் என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உங்கள் ஆரஞ்சுப் பழத்தையும் கறுப்பையும் அழுத்திப் பாருங்கள், எது மெத்தென்று இருக்கிறது என்று தெரியும்.

'கடைத்தெரு சுத்தமானது' என்ற என் வரியில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. அது கந்தகத்தில் இல்லை, புழுவில். ஸ்மிர்னாவிலிருந்து, இன்றைய இஸ்மீரிலிருந்து, பெட்டி பெட்டியாக அத்திப்பழம் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வந்துகொண்டிருந்தது. அத்திக்குள் புழு இருப்பது வெளியே தெரியாது, பிளந்தால்தான் தெரியும். ஆய்வாளர் பெட்டிக்குள் கைவிட்டு நாலைந்தை எடுத்து விரலால் பிளந்து எண்ணுவார். நிபுணர் சாட்சி வேண்டாம், விஷப் படை வேண்டாம், நடுவர் குழு வேண்டாம். புழு விழுந்தது, பூச்சி எச்சம் படிந்தது, அழுகியது என்றால் 'அசுத்தமானது' என்ற வார்த்தையே போதும். இந்த மாதிரிப் பிடிப்புகள் வருஷா வருஷம் சத்தமில்லாமல் நடந்தன. பத்திரிகையில் வராத வேலை, ஆனால் நிஜமான வேலை. இதில் ஒரு சட்ட விநோதம் உண்டு. வழக்கு வியாபாரி மேல் போடமாட்டார்கள், சரக்கின் மேலேயே போடுவார்கள். ஒரு பக்கம் அமெரிக்க ஐக்கிய நாடுகள், எதிர்த்தரப்பு 'இத்தனை பெட்டி அத்திப்பழம்'. அத்திப்பழம் வக்கீல் வைக்காவிட்டால் தீர்ப்பு ஒருதலைப்பட்சம். பழத்தின் உரிமையாளர் வந்து செலவைக் கட்டி, இனி சட்டத்துக்கு விரோதமாக விற்கமாட்டேன் என்று பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தால் திருப்பிக் கொண்டுபோகலாம். ஆள் மேல் போட்டால் முதல் குற்றத்துக்கு 200 டாலர்தான் உச்ச அபராதம், பெரிய வியாபாரிக்கு அது தூசு. ஒரு கப்பல் சரக்கு துறைமுகத்தில் நின்றுபோவதுதான் வலிக்கும்.

இனி உங்கள் பேரன் விஷயம். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

வைலியின் மேஜையில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் திடகாத்திரமான இளைஞர்கள், அப்படிப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆரோக்கியமானவனையே பாதித்தால் மற்றவர்களை இன்னும் அதிகமாகப் பாதிக்கும் என்பது அவருடைய கணக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கந்தகம் யாருக்கு ஆகாதோ அவர் அந்த மேஜையில் இல்லவே இல்லை: ஆஸ்துமாக்காரர். 1980-களில்தான் அமெரிக்காவில் இது பெரிதாக வெளியே வந்தது. ஓட்டல்களில் சாலட் இலை வாடாமல் இருக்க சல்ஃபைட் என்கிற கந்தக உப்புக் கரைசல் தெளிப்பார்கள். அதைச் சாப்பிட்ட ஆஸ்துமாக்காரர்கள் சிலர் மூச்சு முட்டி இறந்தே போனார்கள். 1986-ல் பச்சையாகச் சாப்பிடும் காய்கனிகளில் சல்ஃபைட் கூடாது என்று தடை வந்தது, கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் லேபிளில் சொல்ல வேண்டும் என்றும் விதி வந்தது. உலர்பழம் அந்தத் தடைக்குள் வரவில்லை. லேபிளோடு தொடர்கிறது, 1908-ல் விட்ட அதே நிலையில்.

ஆகவே வீசிங் இருக்கும் பிள்ளைக்கு ஆரஞ்சுப் பொட்டலத்திலிருந்து ஒரு துண்டுகூடக் கொடுக்காதீர்கள். ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் இது ஒத்துக்கொள்ளாமல் போவதில்லை, சிலருக்குத்தான். ஆனால் அந்தச் சிலரில் உங்கள் பேரன் உண்டா என்று ஆப்ரிகாட் கொடுத்துப் பார்ப்பது வேண்டாம். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சல்ஃபைட் என்று பேர் சொல்லிக் கேட்டுவிடுங்கள். பாயசத்துக்கு வாங்கும் திராட்சையிலும் பழுப்பு நிறத்தை வாங்குங்கள், தங்க நிறம் பெரும்பாலும் புகை போட்டது.

உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் ஆஸ்துமா இல்லை என்றால் தூக்கிப் போட வேண்டியதில்லை. இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் மூடாமல் வேகவையுங்கள். பேரன் அடுப்படியில் நிற்காதபோது. தீக்குச்சி வாடை முதல் கொதியிலேயே கிளம்பிப் போய்விடும்.

கறுப்பு அசல், ஆரஞ்சு போலி என்ற கணக்கும் சரிவராது. இரண்டும் அசல் பழம்தான். கந்தகம் பி1 சத்தைக் கெடுக்கும், ஆனால் சி சத்தையும் அந்த ஆரஞ்சு நிறத்தைத் தரும் கரோட்டினையும் காப்பாற்றும். 1907-ல் சண்டை போட்ட இரண்டு தரப்புக்கும் இது தெரியாது, வைட்டமின் என்ற சொல்லே 1912-ல்தான் பிறந்தது. ருசியில் கறுப்புக்கு வெல்லப்பாகு மாதிரி ஓர் அடர்த்தி உண்டு, ஆரஞ்சுக்குப் புளிப்பு. எனக்குக் கறுப்பு பிடிக்கும். என் வீட்டில் வேறு யாருக்கும் பிடிக்காது.

ஒரு வேலை செய்யுங்கள். பொட்டலத்தைத் திருப்பி எந்த நாட்டுப் பழம் என்று பாருங்கள். உலகத்தின் உலர் ஆப்ரிகாட்டில் பெரும்பங்கு இன்று துருக்கியின் மலாத்யா பக்கமிருந்து வருகிறது, சான் ஹோசே கடையில் வாங்கியதும் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். பழைய சாந்தா கிளாராத் தோப்புகளின் ரகத்துக்குப் பெயர் பிளென்ஹைம். பழம் சின்னது, ஓரத்தில் பச்சை, அழகு போதாது, ஆனால் வாசனை ஊரைத் தூக்கும் என்பார்கள். அதை இன்னும் சில சின்னத் தோப்புக்காரர்கள் காயவைத்து விற்கிறார்கள். மகள் அடுத்த முறை வரும்போது அதைத் தேடி வாங்கிவரச் சொல்லுங்கள், கந்தகம் போட்டதா போடாததா என்று கேட்டு.

அன்புடன்